வெள்ளிநிறக் கேமராவுக்கு எந்த லென்ஸ்?

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு வளைவில் பைக்கை ஓரங்கட்டிவிட்டுப் பள்ளத்தாக்கைப் படம் பிடிக்கும் இளைஞர்களிடம் இப்போது ஒரு புதுவகைக் கேமராவைப் பார்க்கிறேன். புதுவகை என்றால் பழையவகை. மேல்பக்கம் வெள்ளி நிறம், இடுப்பைச் சுற்றிக் கருப்புத் தோல், தலையில் எண்கள் பொறித்த டயல்கள். அந்தக் காலத்தில் கல்யாண வீட்டுப் போட்டோகிராபர் கழுத்தில் தொங்கியது போலவே இருக்கும். உள்ளே ஃபிலிம் கிடையாது, மெமரி கார்டு.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறேன். தோலுக்கு மேல்பூச்சு கொடுப்பது பிழைப்பு, படம் எடுப்பது விடுமுறை நாள் வேலை. எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் சேமித்த காசில் நிக்கான் இஸட் எஃப் வாங்கினார். அதில் ஏற்கெனவே தன்னிடம் இருந்த லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, கேமரா சூப்பரா கீது. லென்ஸுதான் கருப்பு டப்பா மாதிரி கீது. மேட்ச்சே ஆவல. இதுக்குன்னு பழைய மாடல்ல தனியா லென்ஸ் விக்கிறானாமே, வாங்கட்டுமா?"

இது அலங்காரக் கேள்வியாகத் தெரியலாம். எனக்கு அப்படிப் படவில்லை. தலையில் டயல் வைத்த கேமராவை ஒருவர் ஏன் வாங்குகிறார் என்ற கேள்வி இதற்குள்ளேயே இருக்கிறது. தம்பி கேட்டது கண்ணுக்கான பொருத்தம். நான் திருப்பிக் கேட்டது கைக்கான பொருத்தம்.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. நல்ல தோலில் மாட்டின் மேல்தோல் ரேகை அப்படியே நிற்கும், ஃபுல் கிரெய்ன் என்போம். உண்ணி கடித்தும் முள் கிழித்தும் வருகிற தோலைப் பஃபிங் மிஷினில் தேய்த்து, பூச்சு ஏற்றி, சூடான எம்பாஸிங் பிளேட்டை அழுத்தினால் புது ரேகை விழும். கடை வெளிச்சத்தில் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஷூவைப் போட்டு நடக்கும்போது கால் மடங்கும் இடத்தில்தான் வித்தியாசம் வெளியே வரும். லென்ஸிலும் மடங்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பி வாங்கிய இஸட் எஃப்-இன் மூலத் தோற்றம் நிக்கான் எஃப்எம்2. 1982-ல் வந்தது, 2001 வரை தயாரித்தார்கள். அதில் பேட்டரிக்கு வேலை ஒளியை அளப்பது மட்டுமே. பேட்டரி தீர்ந்தாலும் நொடியில் 4000-ல் ஒரு பங்கு வரை ஷட்டர் ஓடும். வேலை இரண்டு கைக்கும் பிரித்துத் தரப்பட்டிருந்தது. வலது கை மேலே உள்ள டயலைத் திருப்பி ஷட்டர் வேகத்தை வைக்கும். இடது கை லென்ஸை அடியில் தாங்கியபடியே அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பும். லென்ஸுக்குள் இருக்கும் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை அந்த வளையம் தீர்மானிக்கும். 2, 2.8, 4, 5.6, 8 என எண் ஏற ஏறத் துளை சுருங்கும், ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். ஒவ்வொரு எண்ணிலும் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். பழகியவர்கள் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலேயே எண்ணித் திருப்புவார்கள்.

ஆக, பழைய கேமராவின் டயல்களில் பாதி உடலில் இருந்தது, மீதி லென்ஸில் இருந்தது. இன்றைய கம்பெனிகள் உடலைப் பழையபடி செய்துவிட்டு லென்ஸில் என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நிக்கான் 2013-ல் டிஎஃப் என்றொரு கேமரா கொண்டுவந்தது. கூடவே ஒரு 50 எம்எம் லென்ஸையும் வெள்ளிப் பட்டை சுற்றித் தனிப் பதிப்பாக விற்றது. அந்த லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் இல்லை. 2021-ல் வந்த இஸட் எஃப்சி-யோடு 28 எம்எம், 2023-ல் வந்த இஸட் எஃப்-ஓடு 40 எம்எம் லென்ஸைச் சேர்த்து விற்றார்கள், இரண்டும் 'எஸ்இ' என்ற அடைமொழியோடு. பழைய நிக்கான் லென்ஸைப் போல வரி வரியாக வளையம், பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கண்ணாடி, சாதாரணப் பதிப்பில் இருக்கும் அதே கண்ணாடி. கேமராவோடு பூட்டும் மவுண்ட் பிளாஸ்டிக். இருப்பது ஒரே வளையம், அதில் எண் கிடையாது, டிக் கிடையாது. மெனுவில் சொல்லி அதையே அப்பர்ச்சருக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் வழுக்கிக்கொண்டு சுற்றுமே தவிர விரலுக்கு எதுவும் சொல்லாது.

எஃப்எம்2-வின் தலையில் இல்லாத ஒரு பொருள் இஸட் எஃப்-இன் தலையில் இருக்கிறது. ஒரு சின்ன சன்னல். அப்பர்ச்சர் எண்ணை அதில் காட்டுவார்கள். லென்ஸில் எண் எழுதியிருந்தால் அந்தச் சன்னலுக்கு அவசியமே வந்திருக்காது.

லென்ஸ் மட்டம் என்று சொல்லவில்லை. அந்த 40 எம்எம் எடை குறைவு, விலையும் மற்ற இஸட் லென்ஸ்களோடு பார்த்தால் குறைவு, படம் நன்றாகவே விழும். சாதாரணப் பதிப்பையே வாங்கினாலும் இதே படம்தான் விழும் என்பது மட்டுமே என் கட்சி. உடுப்புக்குக் காசு கொடுக்க மனமிருந்தால் கொடுக்கலாம், அது அவரவர் பை.

ஃபூஜிஃபில்ம் வேறு வழியில் போனது. 2010-ல் எக்ஸ்100 கேமராவை அறிவித்தபோதே லென்ஸைச் சுற்றி அப்பர்ச்சர் வளையத்தையும் வைத்துவிட்டார்கள். அந்த லென்ஸைக் கழற்ற முடியாது, ஆகவே பொருத்தம் பற்றிய பேச்சே எழவில்லை. பிறகு லென்ஸ் மாற்றும் எக்ஸ் வரிசையிலும் 'எக்ஸ்எஃப்' லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் வளையம் உண்டு, விலை குறைந்த 'எக்ஸ்சி' லென்ஸ்களில் கிடையாது. அந்த வளையமும் கம்பி வழியாகக் கட்டளை அனுப்பும் மின்வளையம்தான், துளையை நேரடியாக இழுப்பதில்லை. ஆனாலும் கை பழைய வேலையைப் பழைய இடத்தில் செய்கிறது. ரெட்ரோ, அதாவது பழைய பாணி, என்ற பெயருக்கு ஓரளவு நியாயம் செய்தவர்கள் இவர்கள் என்பேன்.

நிக்கான்காரர்களுக்கும் வழி இருக்கிறது. ஜப்பானின் கோசினா கம்பெனி ஃபோக்ட்லேண்டர் என்ற பெயரில் இஸட் மவுண்டுக்கே லென்ஸ் செய்கிறது. உலோக உடம்பு, எண் பொறித்த அப்பர்ச்சர் வளையம், ஃபோகஸும் கையால்தான். கேமராவோடு பேச மின் தொடுமுனைகளும் வைத்திருக்கிறார்கள். விலையைக் கேட்டால் தம்பிக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, எனக்குப் பிடித்தது. பழைய லென்ஸையே மாட்டுவது.

பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி எகிறி விழ வேண்டும். அதற்கு இடம் விட்டதால் நிக்கான் எஃப் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மில்லிமீட்டர் தூரம் இருந்தது. இன்றைய மிர்ரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. இஸட் மவுண்டில் இதே தூரம் 16 மில்லிமீட்டர். மிச்சமாகும் 30.5 மில்லிமீட்டருக்கு ஒரு உலோகக் குழாயைச் செருகினால் பழைய லென்ஸ் சரியான இடத்தில் வந்து உட்காரும். அந்தக் குழாயின் பெயர்தான் அடாப்டர். சாதாரண அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

சோவியத் நாட்டு ஜெனித் கேமராக்கள் ஒரு காலத்தில் இந்தியாவுக்கு நிறைய வந்தன. அவற்றோடு வந்த ஹீலியாஸ் 44-2 என்ற 58 எம்எம் லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜெர்மனியின் ஜெய்ஸ் பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் செய்தது. ஏலகிரியில் பலாமரத்துக்கு முன்னால் ஆளை நிறுத்தி, துளையை முழுதாகத் திறந்து எடுத்தால், பின்னாலுள்ள இலை இடுக்கு வெளிச்சமெல்லாம் ஆளைச் சுற்றிச் சுழல்வது போல் விழும். ஓரத்தில் வரும் ஒளியை லென்ஸின் குழாயே கொஞ்சம் வெட்டிவிடுவதால் வட்டமாக விழ வேண்டிய புள்ளிகள் பூனைக்கண் போல் நசுங்கி வட்ட வரிசையில் நிற்கின்றன. அறிவியல்படி அது குறை. அந்தக் குறைக்காகவே இன்று உலகெங்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

குறை எல்லா நேரமும் அழகாக இருக்காது. புங்கனூர் ஏரிப் பக்கம் காலைப் பனியில் சூரியனுக்கு எதிரே அதே லென்ஸைத் திருப்பினால் படம் முழுக்கச் சாம்பல் பூசியது போல் வெளுத்துவிடும். இப்படிப்பட்ட பழைய லென்ஸ்கள் பலவற்றில் கண்ணாடிமேல் பூசிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இன்றையது போல் பல அடுக்கு கிடையாது. பனியே மங்கல், அதற்கு மேல் லென்ஸும் மங்கலைச் சேர்க்கும். அங்கே புது லென்ஸ்தான் ஜெயிக்கும்.

பழைய லென்ஸ் மாட்ட நினைப்பவர்கள் பாடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இஸட் எஃப்-க்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு சென்சாரிலேயே இருக்கிறது, சென்சாரும் பழைய ஃபிலிம் அளவு. கையால் ஃபோகஸ் செய்யும்போது முகத்தைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கியும் காட்டும். இஸட் எஃப்சி-யில் அந்த நடுக்கத் தடுப்பு பாடியில் இல்லை. சென்சாரும் சிறியது, 50 எம்எம் லென்ஸ் அதில் 75 எம்எம் போல நெருக்கமாகக் காட்டும். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், கையில் எடுத்தால் நிறைய.

பொருத்தம் என்று மனசு அடித்துக்கொள்கிறவர்களுக்கு மா. கிருஷ்ணனைச் சொல்வேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர், காட்டுயிர்ப் படங்களுக்கும் கட்டுரைகளுக்கும் பேர்போனவர். பெரும்பாலும் கருப்பு வெள்ளையில்தான் எடுத்தார். யானைகளைப் படம் பிடித்த அவருடைய கேமரா எந்தக் கம்பெனியும் செய்யாதது. ஒரு கேமராவின் உடல், வேறெங்கிருந்தோ ஒரு டெலி லென்ஸ், இன்னும் என்னென்னவோ பாகங்கள், எல்லாவற்றையும் தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்து அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று ஒரு பெயரும் வைத்தார். லட்சணத்தில் சேராத பொருள்கள், வேலையில் சேர்ந்துகொண்டன. அவருக்கு அது போதும்.

ஏலகிரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். அங்கே 1972-ல் ஜெய்ஸ் கம்பெனியின் 40 அங்குலத் தொலைநோக்கியை நிறுவினார்கள். 1977-ல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய அளவீடுகளில் அந்தத் தொலைநோக்கியின் அளவீடும் ஒன்று. பின்னால் மாட்டிய கருவிகள் காலத்துக்குக் காலம் மாறின. அன்றைய ஃபோட்டோ தகட்டின் இடத்துக்கு இன்று மின் சென்சார் வந்துவிட்டது. முன்னால் ஒளியைச் சேர்க்கும் ஆடி பழையதே. தரமான கண்ணாடிக்கு வயது பெரிய தடையில்லை.

தடை பூஞ்சைதான். இதைத் தோல் ஊர்க்காரனான நானே சொல்வது கொஞ்சம் சங்கடம்: லென்ஸைத் தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், உள்ளே பூஞ்சை வலை பின்னும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலாக இருந்தால் பித்தளைக் குமிழில் பச்சைக் களிம்பும் ஏறும். ரெட்ரோ கேமராவுக்குத் தோல் உறை அழகு, தோளில் மாட்டிக்கொண்டு போகும்வரை. வீட்டுக்கு வந்ததும் கழற்றி, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுக் கேமராவைத் தனியாக வைக்க வேண்டும்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இது. "காசு போட்டு உடுப்பு வாங்காத. மொதல்ல வளையம் இருக்கிற லென்ஸ் ஒண்ண யார்கிட்டயாச்சும் ஓசி வாங்கி ஒரு வாரம் மாட்டிப் பாரு. கை தானா வளையத்துக்குப் போச்சுன்னா அப்படிப்பட்டதையே வாங்கு. போகலன்னா இப்ப இருக்கிற டப்பாவே உனக்கு ராசி." தங்கச்சி கல்யாணத்தை எடுக்கப் போகும்போது எந்த யோசனையும் இல்லாமல் ஆட்டோஃபோகஸ் லென்ஸை மாட்டிக்கொண்டு போ என்றும் சொன்னேன். தாலி கட்டும் நேரத்தில் கையால் ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் வீட்டுப் பரணில் பெரியப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன கேமரா இருந்தால் பழைய சாமான்காரருக்கு எடை போடாதீர்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல எதுவும் தெரியாமல், வளையத்தைத் திருப்பும்போது உள்ளே தகடுகள் எண்ணெய் ஒட்டாமல் சட்டென்று திறந்து மூடினால், அந்த லென்ஸ் இன்றைய கேமராவிலும் படம் எடுக்கும்.