ஆற்றுப்படுத்தலும் ஆற்றி அனுப்புதலும்

என்னிடம் முன்னொரு காலத்திற் பயின்று, இன்று அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழும் அன்பர் ஒருவர் சில நாட்களுக்கு முன் கடிதம் வரைந்திருந்தார். அவர் மகள் சமூகவியல் கற்கின்றாள். ஆயின் பல்கலைக்கழகத்தில் அன்று, ஆங்குள்ள சமுதாயக் கல்லூரி ஒன்றில். ஈராண்டு அங்கே கற்று, மூன்றாமாண்டிற் பல்கலைக்கழகம் புகுவது அவள் எண்ணம். “எந்தக் கம்பசில் படிக்கிறாள் என்று உறவினர் கேட்கும்போது விடைசொல்ல நாக் கூசுகிறது, ஐயா. பிள்ளை போகும் வழி சரியானதுதானா?” என வினவியிருந்தார். நன்னூலும் தொல்காப்பியமும் படிப்பிக்கின்ற ஒருவனிடம் கேட்கத்தக்க வினாவா இது என முதலில் நகைத்தேன். பின்னர் அக்கல்லூரிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, நாணுவதற்கு அங்கே யாதுமில்லை என்பதும், அஞ்சுவதற்குச் சிறிது உண்டு என்பதும் புலனாயின.

சிக்காகோப் பல்கலைக்கழகம் 1892 இல் வகுப்புகளைத் தொடங்கியபோது அதன் முதற் தலைவராய் இருந்தவர் வில்லியம் ஹாப்பர். சமூகவியலுக்கெனத் தனித்துறை ஒன்று அவ்வாண்டிலேயே அங்கு அல்பியன் சிமோல் என்பார் தலைமையில் அமைந்தது. அந்த ஹாப்பரே, பட்டக் கல்வியின் முதலிரண்டாண்டுகளைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடத்தலாம் என்னும் கருத்தையும் வளர்த்தவர். சிக்காகோவுக்குத் தென்மேற்கேயுள்ள ஜோலியற் நகரில், உயர்நிலைப் பாடசாலை அதிபர் ஸ்ரான்லி பிறவுண் 1901 இல் ஆறு மாணவரோடு தொடங்கிய மேல்வகுப்பு அக்கருத்தின் விளைவு. இன்றுவரை நிலைத்துள்ள அரசாங்க இளநிலைக் கல்லூரிகளுள் அதுவே மூத்தது. ஆகவே அந்நாட்டின் சமூகவியற்றுறையும் சமுதாயக் கல்லூரியும் ஒரே முற்றத்தில் முளைத்த இரு செடிகள். ஆயினும் ஹாப்பரின் நோக்கம் முழுவதும் ஈகையன்று. தொடக்கநிலை மாணவரை வெளியே நிறுத்தினால் பல்கலைக்கழகம் உயர் ஆராய்ச்சியிற் கருத்தூன்றலாம் என்பதும் அவர் கணக்கு. கதவைத் திறந்த கையே மற்றொரு கதவைச் சாத்தவும் எண்ணியது.

இரண்டாம் உலகப் போரின் பின், 1947 இல், ட்றூமன் அமைத்த ஆணைக்குழு இக்கல்லூரிகளை நாடெங்கும் பெருக்குமாறு பரிந்துரைத்தது. ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயரும் அதன்பின்னரே பரவலாயிற்று. கலிபோர்னியா 1960 இல் வகுத்த திட்டம் இன்னும் தெளிவானது. உயர்நிலைப் பாடசாலை மாணவருள் முதல் எட்டிலொரு பங்கினர் மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றிலொரு பங்கினர் மற்றைய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் உரியர். எஞ்சியோர் அனைவருக்கும் சமுதாயக் கல்லூரியின் வாயில் திறந்திருக்கும். அங்கே திறமை காட்டுவோர் மூன்றாமாண்டிற் பல்கலைக்கழகம் ஏறலாம்.

அவ்வாண்டிலேயே, 1960 இல், பேட்டன் கிளாக் என்னும் சமூகவியலாளர் சான் ஹோசே நகரின் இளநிலைக் கல்லூரியை ஆராய்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. வெளியிட்ட ஏடு, அல்பியன் சிமோல் 1895 இற் சிக்காகோவிலே தொடங்கிய சமூகவியல் ஏடு. எல்லோரையும் உள்ளே அழைக்கும் கல்லூரி எல்லோரையும் மேலே அனுப்புவதில்லை. எனினும் எவரையும் வெளிப்படையாகத் தள்ளுவதும் இல்லை என்றார் கிளாக். புகுமுன் ஒரு சோதனை; புள்ளி குறைந்தால் அடிப்படை வகுப்பு; பின் ஆலோசகரின் இன்சொல்; பின் எச்சரிக்கைக் கடிதம். இவ்வாறு படிப்படியாக மாணவன் தன் ஆசையைத் தானே சுருக்கிக்கொள்கிறான். தோல்வி தன்னுடையதே என நம்பி அமைதியாக விலகுகிறான்.

இச்செயலுக்குக் கிளாக் இட்ட பெயர், ஏர்விங் கொவ்மன் 1952 இல் எழுதிய கட்டுரையிலிருந்து பெற்றது. கொவ்மனோ அதை ஏமாற்றுக்காரரின் குழூஉக்குறியிலிருந்து எடுத்தார். ஒருவனுடைய பொருளைக் கவர்ந்தபின், அவன் பொலிசாரிடம் ஓடாதிருக்கக் கூட்டத்தாருள் ஒருவன் பின்னே நின்று தேறுதல் கூறுவான். சூட்டைத் தணித்தல் என்பது அதன் பொருள். தமிழில் இதற்கு ‘ஆற்றுதல்’ என்ற சொல் இயல்பாகவே பொருந்துகிறது. பாலையும் ஆற்றுகிறோம், அழும் பிள்ளையையும் ஆற்றுகிறோம். ‘ஆற்றுப்படுத்தல்’ என்பதோ முற்றும் வேறு. அதில் உள்ளது வழி என்னும் பொருள்தரும் ‘ஆறு’. பரிசில் பெற்று மீளும் பாணன் எதிர்ப்பட்ட வறியவனுக்கு வள்ளலிடம் செல்லும் நெறியைக் காட்டுவது அது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் அவ்வகையின. கல்லூரி ஆலோசகர் செய்யவேண்டியது ஆற்றுப்படுத்தல். கிளாக் கண்டதோ ஆற்றி அனுப்புதல். (நம் நாட்டில் உளவளத்துணையையும் ‘ஆற்றுப்படுத்தல்’ என்கிறார்கள். இரண்டு சொற்களும் எங்கே கலந்தன என்பது தனியே ஆராயத்தக்கது.)

இது பழங்கதையன்று. இக்கல்லூரிகளிற் புகுவோருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் பட்டம்பெற விரும்புகின்றனர். மூன்றிலொருவரே பல்கலைக்கழகத்துக்கு மாறுகின்றனர். ஆறாண்டுகளிற் பட்டம் பெறுவோர் நூற்றுக்கு 16 பேரளவினர்.

இவ்விடத்திலேதான் அப்பெண் தேர்ந்த பாடத்தை எண்ணி வியந்தேன். முதற்பருவத்துச் சமூகவியல் மாணவர் பெரும்பாலும் சந்திக்கும் கருத்தொன்று, றைற் மில்ஸ் 1959 இல் எழுதிய நூலில் உள்ளது. ஒரு நகரில் ஒருவனுக்கு மாத்திரம் வேலையில்லையெனின் அது அவன் குறை. கோடிக்கு மேற்பட்டோர்க்கு இல்லையெனின் அது நாட்டின் அமைப்பிலுள்ள குறை என்பது அதன் சாரம். கணித அடிப்படை வகுப்பில் மூன்று பருவம் தங்கி, “எனக்கு மூளை போதாது” என வீடு திரும்பிய மாணவர் எத்தனை பேர்! கலிபோர்னியா 2017 இற் சட்டமியற்றி, அவ்வகுப்புகளில் மாணவரைக் கட்டாயமாக இருத்தும் வழக்கத்தை ஒடுக்கியது. நேரே பல்கலைக்கழகத் தரக் கணிதத்துள் விட்டபோது, முதலாண்டிலேயே அதில் சித்தியெய்துவோர் தொகை முன்னையிலும் மிக உயர்ந்தது. குறை மூளையில் இருக்கவில்லை. அதே கல்லூரி வாங்கில் இருந்துகொண்டு அக்கல்லூரியையே படிக்கக் கற்றுத்தரும் பாடம் வேறு எது?

அஞ்சத்தக்கது வேறொன்று. அங்கே கல்வியை ‘அலகு’ என்னும் அளவையால் எண்ணுவர். ஈராண்டுக்கு 60 அலகுகள். ஒரு நிலையத்தில் ஈட்டிய அலகை மற்றொன்று ஏற்காது விடுவதுண்டு. நிலையம் மாறிய மாணவர் சராசரி நூற்றுக்கு 43 பங்கு அலகுகளை இழந்தனர் என அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2017 இல் மதிப்பிட்டது. இதனைத் தடுக்கவே கலிபோர்னியா 2010 இல் மாறுதற்குரிய தனிப் பட்டத்தைச் சட்டமாக்கியது. சமூகவியலும் அதிலுள்ளது. சமூகவியல் அறிமுகம் கட்டாயம். சமூகப் பிரச்சினைகள், புள்ளிவிபரவியல், ஆய்வுமுறை என்பன அதனோடு வருவன. அப்பட்டத்தோடு அரசுப் பல்கலைக்கழகத் தொகுதியில் இடம் உறுதி. முதன்மைப் பல்கலைக்கழகத்துக்கு அவ்வுறுதி நேரே செல்லாது. அதன் ஆறு வளாகங்கள் தனி உடன்பாட்டின்படி இடந்தரும்.

அன்பருக்கு விடை எழுதினேன். உறவினர் கேட்டால் கல்லூரியின் பெயரையே தயங்காது சொல்லும்படி எழுதினேன். பிள்ளை ஆலோசகரிடம் செல்லும்போது, “எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எந்த அலகு செல்லும்” என்னும் மூன்றுக்கும் விடையை எழுத்திற் பெற்றுவரவேண்டும் எனவும், யாரேனும் இன்சொல்லால் “உனக்கு இது போதுமே” என்றால் அன்றிரவே கிளாக்கின் கட்டுரையை எடுத்து வாசிக்கவேண்டும் எனவும் குறித்தேன். விண்ணப்பம் நவம்பர் மாதத்தில். அவள் புள்ளிவிபரவியற் பாடத்தை அதற்கு முன்பே எடுத்துக்கொண்டாளா என்பதை அறிவிக்கும்படி கேட்டிருக்கிறேன்.