பல்கலைக்கழக இணையதளங்களில் பக்கக் கூறுகளும் உள்ளடக்க உத்தியும்

பக்கக் கூறுகள் என்பவை இணையப் பக்கத்தைக் கட்டுவதற்கு முன்கூட்டியே செய்து வைக்கப்பட்ட துண்டுகள். படத்துடன் கூடிய அட்டை, சுழல் படக்காட்சி, தட்டினால் விரியும் மடிப்பு, அட்டவணை ஆகியவை இவ்வகை. 2018 டிசம்பரில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.0 பதிப்பு இவற்றை ‘பிளாக்’ என்னும் பெயரில் தன் தொகுப்பியின் அடிப்படையாக்கியது. யாருக்கு, எதை, எதற்காகச் சொல்கிறோம், பின்னர் அதை யார் புதுப்பிப்பார் என்று முடிவு செய்வது உள்ளடக்க உத்தி எனப்படும்.

இவ்விரண்டும் பொருந்தாதபோது என்ன நேரும்? அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழக முகப்பைப் பற்றி 2013இல் வெளியான கணக்கைப் பாருங்கள். சுழல் படக்காட்சியைச் சொடுக்கியவர்கள் வருகையாளர்களில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே. அந்தச் சொடுக்குகளிலும் 84 விழுக்காடு முதல் படத்துக்கே போயின.

பிறகு ஏன் சுழல் காட்சியை விடாமல் வைக்கிறார்கள்? ஒவ்வொரு துறையும் தன் செய்தி முகப்பில் வரவேண்டும் என்று கேட்கும். ஐந்து படங்களைச் சுழலவிட்டால் ஐந்து துறைகளுக்கும் மனக்குறை இல்லை. அது படிப்பவருக்காக வைத்ததன்று, அலுவலகச் சமாதானத்துக்காக வைத்தது. (பள்ளி ஆண்டுமலரின் முதல் பக்கங்கள் வாழ்த்துரைகளால் நிரம்புவதும் இப்படித்தான்.) எக்ஸ்கேசிடி என்னும் இணையச் சித்திரத் தொடர் 2010இல் இதை இரண்டு வட்டங்களாக வரைந்து கேலி செய்தது. முகப்பில் இருப்பவை ஒரு வட்டம், மக்கள் தேடி வருபவை மற்றொன்று. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருந்தது பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர் மட்டுமே!

எனவே, கூறுகளைத் தேர்ந்துகொண்டு உள்ளடக்கத்தைத் தேடக் கூடாது. ஒரு பட்டப்படிப்பை எடுத்துக்கொள்வோம். காலம், தகுதி, கட்டணம், விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகியவை மாணவருக்குத் தேவை. இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் புலம் கொண்ட ‘படிப்பு விவரம்’ என்ற கூறைச் செய்து, தகவலை ஓரிடத்தில் மட்டும் சேமித்து, எல்லாப் பக்கங்களிலும் அதையே காட்ட வேண்டும். கட்டணம் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அப்படியின்றி ஒவ்வொரு பக்கத்திலும் தட்டச்சு செய்தால், துறைப் பக்கத்தில் ஒரு கட்டணமும் சேர்க்கைப் பக்கத்தில் வேறொரு கட்டணமும் நிற்கும். பழைய கடைசி நாளை நம்பிய மாணவருக்கு ஓராண்டே வீணாகலாம்.

கடைசி நாளைப் படத்துக்குள் எழுதி ஒட்டுவது அதைவிடக் கேடு. மாற்று உரை தராவிட்டால் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. மடிப்புக்குள் வைப்பதும் தவறு, பலர் அதைத் திறப்பதே இல்லை. அரிதாகக் கேட்கப்படும் ஐயங்களுக்கு மடிப்பு பொருந்தும். அறிவிப்புக் கூறில் காலாவதி நாளுக்கு ஒரு புலமும், பொறுப்பாளர் பெயருக்கு ஒரு புலமும் கட்டாயம் இருக்க வேண்டும். நாள் கடந்ததும் அறிவிப்பு தானே மறைந்துவிடும். தவறு கண்டால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும்.