ஈற்றெழுத்து உணர்த்தும் வரலாறு

உயிரினங்களுக்குப் பேரினப்பெயர், சிற்றினப்பெயர் என இரு சொற்களால் பெயரிடும் முறையை நிலைபெறச் செய்தவர் லின்னேயஸ். அறிஞர் ஒருவரைச் சிறப்பிக்கும்போது, அவர்தம் பெயர் பெரும்பாலும் இரண்டாம் சொல்லாக அமையும். அதன் ஈற்றில் சேரும் இலத்தீன் உருபு, தமிழின் ஆறாம் வேற்றுமை போல உடைமைப்பொருளை உணர்த்தும். ஆயினும், அது சிறப்பிக்கப்படுபவரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப வேறுபடும்.

ஆடவர் ஒருவராயின் ‘ஈ’, பெண் ஒருவராயின் ‘ஏ’, பெண்கள் பலராயின் ‘ஆரும்’, ஆடவர் பலராயினும் இருபாலார் கலந்த குழுவாயினும் ‘ஓரும்’ என்பன விலங்கியல் மரபில் பொதுவாக வரும் உருபுகள். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளைப் போற்றும் வகையில், மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பல்லியினம் ஒன்றுக்கு 2019ஆம் ஆண்டு ‘திராவிடோகெக்கோ ஜானகியே’ எனப் பெயரிடப்பட்டது. ‘ஏ’ நீங்கி ‘ஈ’ வந்திருப்பின், படிப்போர் அவரை ஆடவரெனக் கருதியிருப்பர்.

‘ஈ’ உருபுக்கு முன் சில பெயர்களில் ஓர் இகரமும் வரும். மேகமலையில் 1948ஆம் ஆண்டு பிடிக்கப்பட்ட பழந்தின்னி வௌவாலுக்குப் பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரால் அமைந்தது ‘சலீமலியீ’. இதில் இகரம் அவர் பெயருக்கே உரியது. தரங்கம்பாடியில் சமயப்பணி ஆற்றிய ஜானின் பெயரைத் தாங்கியது நீலகிரிக் கருமந்தியின் ‘ஜானியீ’ என்னும் பெயர். ஜான் என்பது ‘ஜானியஸ்’ என இலத்தீனாக்கப்பட்டதால் அங்கு இகரம் தோன்றியது.

இவ்விகரத்தைப் பின்வருவோர் விருப்பம்போல் நீக்கவோ சேர்க்கவோ இயலாது. விலங்கியலில், பெயரை முதலில் வெளியிட்டவர் எழுதிய வடிவமே நிலைக்கும். தாவரவியலில், விதிக்கு மாறான ஈறு திருத்தப்படும். வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: ஓர் உயிரினம் எந்நாட்டு நூலிலும் ஒரே எழுத்துகளால் அறியப்பெறுதல் வேண்டும்.