நெய்தல் நிலத்தில் செய்யுட் பாடம்

செய்யுட் பாடம் தொடங்குகிறது என்றவுடன் வகுப்பில் ஒருவிதச் சோர்வு படர்வதை ஆசிரியர் யாவரும் அறிவர். ஆசிரியர் பாட்டை ஒருமுறை வாசிக்கிறார், பதம் பிரிக்கிறார், அரும்பதங்களின் பொருளைக் கரும்பலகையில் எழுதுகிறார், பின்னர் பொழிப்புரை சொல்லுகிறார். மாணவர் அப்பொழிப்பை மனனம் செய்து பரீட்சைத் தாளில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகின்றனர். கரும்பை எறிந்துவிட்டுச் சக்கையை மெல்லுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆசிரியரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும். பரீட்சையோ வாயிலில் நிற்கிறது. எனினும் பாட்டு முதலில் காதுக்கு உரியது, பிறகு வாய்க்கு உரியது, அதன் பின்னரே பேனாவுக்கு உரியது என்பதை மறந்துவிட்டால், எத்தனை மணி நேரம் கற்பித்தாலும் பயன் விளையாது. இதனை நிலாவெளி என்னும் கடற்கரை ஊரை முன்னிறுத்திச் சிந்திப்போம். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சென்றால் வரும் ஊர் அது. நிலாவும் வெளியும் சேர்ந்த அப்பெயரே ஒரு பாட்டின் தொடக்கம் போல இருக்கிறது. அவ்வூர்ப் பிள்ளைக்குப் பாட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

யாப்பையே எடுத்துக்கொள்வோம். நேரசை, நிரையசை என்றதும் அஞ்சாத மாணவர் அரியர். தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்னும் வாய்பாடுகளைக் கிளிப்பிள்ளை போல ஒப்புவிப்பார்கள். அவை நம் முன்னோர் பிள்ளைகளுக்காகத் தெரிந்தெடுத்த செடிகொடி மரங்களின் பெயர்கள் என்பதைச் சொல்லுவார் இல்லை. தேமா இனிக்கும் மா. புளிமா புளிக்கும் மா. அன்றைய பிள்ளைக்கு அவை வீட்டு முற்றத்துப் பெயர்கள். இன்றைய பிள்ளைக்கு வீட்டு முற்றம் எது? பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். மூதூர் தேமா, வெருகல் புளிமா, கன்னியா கூவிளம், நிலாவெளி கருவிளம். ஈரசைச் சீர் நான்கும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிட்டன! சற்று நீண்ட பயணம் வேண்டுமானால் புல்மோட்டை தேமாங்காய், குச்சவெளி கூவிளங்காய். நிரைக்கு இருமுறையும் நேருக்கு ஒருமுறையும் கைதட்டிச் சொல்லச் சொன்னால், பத்து நிமிடத்தில் வகுப்பு முழுவதும் அலகிடத் தொடங்கிவிடும். அடுத்து மீன்களைக் கொண்டு வரலாம்: பாரை, கணவாய், நெத்தலி, திமிங்கிலம். முதல் மூன்றும் முறையே தேமா, புளிமா, கூவிளம், நான்காவது கருவிளம். கணவாயும் திமிங்கிலமும் மீனல்ல என்று விஞ்ஞான ஆசிரியர் தடை சொல்லக்கூடும். யாப்பு அதைப் பொருட்படுத்துவதில்லை.

இத்தகைய முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஓர் ஆசிரியர். 1878 முதல் 1953 வரை வாழ்ந்தவர். கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளியும், ஆடிப்பிறப்புக்கு அவிக்கும் கொழுக்கட்டையும் அவர் கையில் பிள்ளைப் பாட்டுகளாயின. யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன் வீட்டு வளவில் கண்டதையே பாட்டிலும் கண்டான். ஆதலின் அப்பாட்டுகளை மனனம் செய்யும்படி எவரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. மகாகவி உருத்திரமூர்த்தியோ, ஆங்கிலத்தில் லிமரிக் எனப்படும் நகைச்சுவைப் பாட்டைத் தமிழுக்கு இசைவித்துக் 'குறும்பா' என்று பெயரிட்டு 1966ஆம் ஆண்டில் நூலாக்கினார். ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு இதைக் காட்டிலும் உகந்த வாசல் வேறில்லை என்பது நம் கருத்து. சிரித்துக்கொண்டே எதுகையைப் பிடித்துவிடுவார்கள்.

மேல்வகுப்புக்கு வருவோம். சங்க இலக்கியம் என்றாலே கடினம் என்பது பொதுவான எண்ணம். ஐங்குறுநூற்றைத் திறந்து பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். அதிலுள்ள பாட்டுகள் மூன்றடி முதல் ஆறடி வரையே நீள்வன. நெய்தலைப் பாடும் நூறு பாட்டுகள் அம்மூவனார் செய்தவை. அவை பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஞாழற் பத்து, வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து, நெய்தற் பத்து என்று மரமும் பறவையும் பூவுமாக அப்பகுதிகளுக்குப் பெயர். நிலாவெளிக் கரையில் காலையில் நடக்கும் பிள்ளை காணும் காட்சிகளுக்கு உறவானவையன்றோ இவை!

இவற்றுள் சிறுவெண்காக்கைப் பத்தின் அமைப்பைக் கவனியுங்கள். கடற்கரைப் பறவையொன்றைச் சொல்லும் ஒரே தொடக்கம் பத்துப் பாட்டுக்கும் வருகிறது. பின்வருவதுதான் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. தலைமாணாக்கனுக்கும் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் ஒருசேரப் பயன்படும் பயிற்சி இதுவே. நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில், புறாத்தீவு இருக்கிறது. அத்தீவின் பாறைப் புறாவைச் சொல்லும் ஒரு முதலடியை வகுப்பே கூடி ஆக்கட்டும். பத்துக் குழுக்கள் அந்த அடியிலிருந்து தொடங்கி ஆளுக்கொரு பாட்டு முடிக்கட்டும். மாலைக்குள் ஒரு 'புறாப் பத்து' கிடைத்துவிடும். தொண்டிப் பத்தைப் படித்த வகுப்பென்றால் அந்தாதியாகவும் முயலலாம். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் தொடக்கமாகும் அவ்விளையாட்டைப் பிள்ளைகள் எளிதில் விடமாட்டார்கள்.

இதுவரை சொன்னவை விளையாட்டு. இனிச் சொல்லப்போவது அத்துணை எளிதன்று.

சங்கச் சான்றோர் ஐந்து நிலங்களுக்கும் ஐந்து உரிப்பொருள்களை வகுத்தபோது, கடற்கரைக்கு உரியதாக வைத்தது இரங்கல். கடலுக்கு ஏன் இரங்கல் என்று கேட்டால் வேறு ஊர் மாணவர்க்கு விளக்கம் தேவைப்படலாம். நிலாவெளியில் அது தேவையில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடுமையாகத் தாக்கிய கரைகளுள் இதுவும் ஒன்று. அதற்கு முன்னரும் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தும் மீண்டும் வந்தும் அலைந்த குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பேரலைக்குப் பின் பிறந்தவர்கள். ஆயினும் அந்தத் தேதியை அறியாத பிள்ளை இல்லை. வீட்டில் அதைப் பேசாதிருப்பதும் ஒருவகையில் பேச்சே என்பதை அவர்கள் அறிவார்கள்.

இங்கேதான் ஆசிரியரின் பண்பு சோதிக்கப்படுகிறது. 'உன் வீட்டில் நேர்ந்ததை எழுது' என்று ஒரு பிள்ளையைப் பணிப்பது கற்பித்தலாகாது; அது கொடுமை. அகத்திணை மரபோ வேறொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அகப்பாட்டில் எவரது பெயரும் சுட்டப்படுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், தாய் பேசுவாள். அவர்கள் இன்னார் என்று புலவர் சொல்வதில்லை. கரையில் நின்று கடலை நோக்கும் ஒருத்தி பேசுவதாக ஆறடி எழுதும்படி சொன்னால், எழுதும் பிள்ளை தன் பாட்டியின் துயரை அதில் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். வைத்ததை ஆசிரியர் கேட்டறிய வேண்டிய அவசியமுமில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய ஒரு விதி, பரீட்சைக் குறிப்பாக மட்டும் கிடந்த விதி, இங்கே ஒரு பிள்ளைக்கு நிழலாகிறது. இத்தகைய பாட்டுக்குப் புள்ளியிட வேண்டாம் என்பது நம் வேண்டுகோள். எழுத்துப்பிழையைக்கூட மறுநாள் திருத்தலாம்.

வாய்க்கு உரியதாகிய பாட்டைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்மொழித் தினப் போட்டிகளில் பாவோதல் என்று ஒரு பிரிவு இருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வகுப்புக்கு ஒருவர் இருவரே அதற்குப் பயிற்றப்படுகின்றனர், ஏனையோர் வாய்திறப்பதில்லை. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டில் இந்த நிலை இல்லை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பற்றிய அத்தனை பேரும் எதிரொலித்தாக வேண்டும். எதிரொலியின் வேகத்தில்தான் வலை அசையும். சீரும் அடியும் உடலின் உழைப்பிலிருந்து பிறந்தவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இலங்கைக் கரைகள் பலவற்றில் இப்போது உழவு இயந்திரத்தைக் கொண்டு வலையை இழுக்கும் வழக்கம் வந்துவிட்டது. உழைப்பு குறைந்தது நன்றே. ஆனால் இயந்திரத்துக்கு எதிரொலி வேண்டியதில்லை. அம்பா தெரிந்தவர்களின் தொகையும் ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் வாய்மொழியாகக் காத்துவந்த நாட்டார் கவிகளுக்கும் இதே நிலைதான்.

ஆகவே மூன்றாந் தவணைக்கு ஒரு வீட்டுவேலையைக் கூறுவோம். தமிழ் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும், மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ ஓர் அம்பாவையோ ஒரு கவியையோ ஒரு தாலாட்டையோ கேட்டு, கைத்தொலைபேசியில் பதிவு செய்து, பின்பு அதை அசைபிரித்து எழுதிவர வேண்டும். வாடைக்காற்று எழுந்துவிட்டால் கரைவலை ஓய்ந்துவிடும். மூத்தோர் வீட்டில் இருந்து, மழையைப் பார்த்துக்கொண்டு, கேட்பாருக்குச் சொல்லக் காத்திருக்கும் காலம் அதுவே.