நெடுநாள் நின்ற காரும் இறுகிய பிரேக்கும்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபொழுது எத்தனையோ கார்கள் வீட்டு வாயிலிலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டன. என் நண்பரின் காரும் அவற்றுள் ஒன்று. கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சென்றவர், திரும்பி வந்து புறப்பட முயன்றபொழுது எஞ்சின் முனகிற்றேயன்றி வண்டி நகரவில்லை. வேகத்தைக் கூட்டினார், 'டப்' என்ற ஓசையுடன் நகர்ந்தது. சரியாயிற்று என்றெண்ணிச் சில கிலோமீட்டர் சென்றார். பின்சக்கரத்திலிருந்து தீய்ந்த நாற்றம் எழுந்தது. பிரேக்கை மிதித்தால் மிதி அடிவரை இறங்கிற்று. நல்ல வேளையாக எதிரே எவரும் இல்லை.

இவ்வாறு நேர்ந்தது ஏன்? நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் அமைந்த கார் அது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டைக் கவ்வும் இடுக்கி போன்ற உறுப்பே காலிப்பர். அதன் துளையினுள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. மிதியை அழுத்தினால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தட்டின்மேல் அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது யாது? பெரும்பாலும் சுருள்வில் ஒன்றும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் அது முன்னேறும்பொழுது சற்றே வளைந்துகொடுத்து, அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவுக்கு மீள்கிறது. அம்மீட்சியே பிஸ்டனை மயிரிழை அளவு பின்னிழுக்கிறது. இத்துணைச் சிறிய விசையைத் தடுக்கச் சிறிது துரு போதுமன்றோ?

அத்துருவுக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது? பிரேக் ஆயில் என்று கேட்டு வாங்குகிறோமே, அஃது எண்ணெயே அன்று. பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம். உப்பைப்போல் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 4 என்னும் தரத்தில் அதன் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியசுக்குக் குறையலாகாது. ஈரம் ஏறியபின் 155 இருந்தாலே போதும். உரசிய பேடின் வெப்பத்தில் ஈரம் ஏறிய திரவம் கொதித்து ஆவியாயிற்று. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதி இறங்கியதன் காரணம் இதுவே.

பழுது பார்ப்போர் முதலில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின்மேல் நிறுத்துகின்றனர். கைப்பிரேக்கை விடுவித்தும் காலிப்பரிலுள்ள அதன் நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பாவிடில் குற்றம் அதிலோ கேபிளிலோ உள்ளது. திரும்பினால், காற்று நீக்கும் நிப்பிளைச் சற்றே திறப்பர். உடனே சக்கரம் தளர்ந்தால் பழுது காலிப்பரில் இல்லை. ரப்பர்க் குழாய் உட்புறம் அடைபட்டுத் திரவத்தைத் தேக்கியிருக்கிறது. அதனை அறியாமல் புதிய காலிப்பர் வாங்கிப் பணத்தை இழந்தவர் பலர்! அப்போதும் தளராவிடில் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்களோ, தட்டோடு ஒட்டிய பேடோ காரணமாகும்.

பின்கள் மட்டும் இறுகியிருப்பின் துடைத்து, உரிய சிலிக்கோன் கிரீஸ் இட்டால் தீர்ந்தது. பிஸ்டனோவெனில் பொறுமை வேண்டும். பின்சக்கரக் காலிப்பர்கள் பலவற்றில் கைப்பிரேக்கின் திருகு பிஸ்டனுக்குள்ளேயே உண்டு. அவற்றைத் திருகியே எடுக்கவும் செலுத்தவும் வேண்டும். வலிந்து அழுத்தினால் உள்ளுறுப்பு உடையும். ரப்பர் வளையத்தில் பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ படலாகாது, அது ஊதிவிடும். பிஸ்டனின் மேற்பூச்சில் குழி விழுந்திருந்தால், உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் போடுவது வீண்வேலை.

நண்பரின் காரில் இடப்பக்கம் சுத்தம் செய்து புது வளையம் மாட்டியதோடு முடிந்தது. வலப்பக்கப் பிஸ்டன் குழி விழுந்திருந்தமையால் காலிப்பரையே மாற்றினோம். வெப்பத்தில் கருகிய பேடுகளை இருபுறமும் மாற்றி, புதுத் திரவம் ஊற்றிக் காற்றை நீக்கி, ஆளில்லாத் தெருவில் மெல்ல ஓட்டிப் பார்த்தோம். இறங்கிச் சக்கரங்களின் அருகே கையைக் காட்டினேன். இரு பின்சக்கரங்களும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தன. இப்போது அவர் நெடுநாள் நிறுத்தும்பொழுது கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறார், கைப்பிரேக்கைத் தொடுவதில்லை.