திருநாவுக்கரசர் தனிவாக்கு

ஒரு புலவரது வாக்கினைப் பிறர் வாக்கினின்றும் பிரித்துக் காட்டுவது யாது? பெயர் முத்திரை என்பாருளர். அஃது அமையாது. திருஞானசம்பந்தர் திருக்கடைக்காப்பிலே தம் பெயர் பொறித்தருளினர். சுந்தரரும் ஊரன் எனத் தம்மைக் குறித்தனர். திருநாவுக்கரசரோ பொதுவாகப் பெயர் பொறித்திலர். எனினும் அவர் பதிகத்தைப் பயின்றோர் எளிதில் அறிவர்.

இராவணன் செய்தியைச் சம்பந்தர் பெரும்பாலும் எட்டாம் பாடலில் வைத்தனர். அரசரோ பல பதிகங்களில் இறுதிப் பாடலில் வைத்தனர். மலைக்கீழ் நெரிந்தவனே பின் இசைபாடி அருள்பெற்றான். சமணஞ் சார்ந்து, சூலைநோயால் மீட்கப்பெற்ற அரசர்க்கு, ஒறுத்தலும் அருளே என்பது பட்டறிந்த உண்மை. ஆதலின் அதுவே அவர் வாக்கிற்கு முத்திரை போலாயிற்று.

அருள்வழி நின்று பாடினார்க்குத் தனிவாக்கு உண்டெனின், தற்போதம் எஞ்சிற்று என ஆகாதோ எனின், ஆகாது. தற்போதம் கெடும், ஆன்மா கெடாது. முத்தியிலும் ஆன்மா அழிவின்றி, இறைவனோடு இரண்டற நிற்கும் என்பது சித்தாந்தம். ஆன்மா உளதாகவே அதன் அநுபவமும் உளதாம். யான் பாடினேன் என்னும் முனைப்பு அகன்றவிடத்து அவ்வநுபவம் தடையின்றி ஒலிக்கும். அதுவே தனிவாக்கு என்க.