வீட்டில் ஒரு பறவை – 7: இறங்கத் தெரியாத கிளி

நெய்வேலி நகரியத்தில் ஒரு வளர்ப்புக் கிளி கைநழுவிப் பறந்தால், பெரும்பாலும் அது முதலில் போய் உட்காரும் இடம் பக்கத்து மரத்தின் உச்சிதான். பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைத் தோண்டிய ஊர், குடியிருப்புக்காக மரம் வளர்த்த ஊரும்கூட. நகரியத்தின் எந்த வட்டத்துக்குப் போனாலும் சாலையோர மரங்கள் குவார்ட்டர்ஸ் கூரைகளைத் தாண்டி நிற்கின்றன. கிளியைத் தொலைத்தவர்கள் அடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மேலிருந்து அது பதில் குரலும் கொடுக்கிறது. ஆனால் வருவதில்லை. பொழுது சாய்ந்ததும், "விடுதலை கிடைத்துவிட்டது, இனி எங்கே வரப்போகிறது" என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். இந்த முடிவு தவறு, பல கிளிகளின் உயிரைப் பறிக்கும் தவறு என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வருகிறேன். அந்தக் கிளி வர மறுக்கவில்லை. அதற்கு இறங்கத் தெரியவில்லை.

மிரண்ட பறவை மேல்நோக்கிப் பறப்பதற்குப் பழக்கம் தேவையில்லை, பயமே போதும். செங்குத்தாகக் கீழிறங்குவது அப்படியல்ல. வேகத்தை அடக்க வேண்டும், வாலை விரித்துத் திசை மாற்ற வேண்டும், கிளைகளுக்கு நடுவே வழி கண்டுபிடிக்க வேண்டும், உட்காரும் நொடியில் உடலை நிமிர்த்த வேண்டும். காட்டில் கூட்டைவிட்டு வெளிவந்த குஞ்சு இதையெல்லாம் தாய் தந்தையோடு சுற்றித்திரிந்து கற்றுக்கொள்கிறது. வீட்டுக்கிளியின் உலகமோ பத்தடி உயர அறை. அலமாரியிலிருந்து தோளுக்குப் பறந்ததுதான் அது செய்த மிகப்பெரிய இறக்கம். நாற்பது அடி உயரத்தில் அது தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கீழே பார்ப்பதும், சிறகை விரித்துவிட்டுத் தயங்குவதும் பிடிவாதமல்ல, திகைப்பு. இதை ஏற்றுக்கொண்டால் தேடும் முறையே மாறிவிடும். மரத்தடியில் நிற்பதைவிட, கிளி இருக்கும் உயரத்துக்கு முடிந்தவரை நெருங்கிய மொட்டை மாடியில், சற்றுத் தள்ளி நிற்பது பலன் தரும். தலைக்கு நேர் கீழே உள்ள கையைவிட, எதிரே சற்றே தாழ்வாக நீளும் கைக்குப் பறந்து வருவது அதற்கு எளிது. கல்லெறிந்தோ கழியால் கிளையைத் தட்டியோ விரட்டினால், அது இன்னும் உயரமான மரத்துக்குத்தான் போகும்.

நேரமும் முக்கியம். விடியலிலும் மாலையிலும் கிளிகள் அதிகம் குரல் கொடுக்கும். வெயில் ஏறிய பின் இலைக்குள் ஒடுங்கி மௌனமாகிவிடும். பச்சை இறகை அப்போது கண்ணால் தேடுவது வீண்வேலை. இருட்டியபின் எந்தக் கிளையில் ஒடுங்கியது என்று குறித்துவைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே அதன் ஜோடிப் பறவையைக் கூண்டோடு கொண்டுவந்து, கிளியின் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். ஜோடி இல்லாவிட்டால் பழகிய கூண்டும் தீனிக் கிண்ணத்தின் சத்தமும் உதவும். எல்லாக் கிளியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கன் கிரே உடல் கனத்தது; அருகிலேயே தங்கக்கூடும். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் நெடுந்தூரம் அலையும் இனங்களான காக்கடீலும் லவ் பேர்ட்ஸ் என்று நாம் வாங்கும் பட்ஜீஸும் காற்றோடு வெகுதூரம் போய்விடலாம். அவற்றைத் தேட, பக்கத்திலுள்ள மந்தாரக்குப்பம், இந்திரா நகர் வரை செய்தி சொல்லிவைப்பதே வழி.

"ஊரில் பச்சைக்கிளிக் கூட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளாதா?" என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்தது. அங்கே அழிந்துபோயிருந்த தடித்த அலகுக் கிளிகளை 1986 முதல் காட்டில் மீண்டும் குடியேற்ற முயன்றார்கள். கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்ட காட்டுக்கிளிகள் ஓரளவு சமாளித்தன. மனிதர் கையால் ஊட்டி வளர்த்தவற்றுக்குக் கூட்டத்தோடு ஒட்டத் தெரியவில்லை, இரை தேடத் தெரியவில்லை. பல கிளிகள் வேட்டைப் பறவைகளுக்கு இரையாயின. அந்த முயற்சியின் கதை வருத்தம் தருவது. லண்டன் பூங்காக்களில் நம் பச்சைக்கிளி பெருகியிருப்பதை எதிர்வாதமாகக் காட்டுவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே ஏற்றுமதியானவற்றில் பெரும்பகுதி காட்டில் பிடிக்கப்பட்ட பறவைகள். கூண்டுக்குப் போகும் முன்பே வாழக் கற்றவை. நெய்வேலி மரங்களிலும் வல்லூறு காத்திருக்கிறது, காகங்கள் புதிய பறவையைக் கூட்டமாகத் துரத்துகின்றன. வளர்ப்புக்கிளியை அங்கே கைவிடுவதை விடுதலை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

தொலைந்த கிளியை மீட்பதற்கு இன்னொரு தடை சட்டம் பற்றிய பயம். பச்சைக்கிளி உள்ளிட்ட இந்தியக் கிளி இனங்களை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பச்சைக்கிளியை இரண்டாம் அட்டவணையில் வைத்தது. 2024 மக்களவைத் தேர்தலின்போது நெய்வேலி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தில், ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்தவர்மீது வனத்துறை நடவடிக்கை எடுத்ததை எல்லோரும் அறிவார்கள். அதனால் பச்சைக்கிளியைத் தொலைத்தவர் அக்கம்பக்கத்தில் வாய் திறப்பதில்லை, கண்டெடுத்தவரும் ரகசியமாக அடைத்துவைக்கிறார். சட்டம் காக்க நினைத்த பறவை இந்த மௌனத்தில்தான் சாகிறது. பச்சைக்கிளியைத் திரும்பக் கூண்டில் அடைக்கச் சொல்லவில்லை. மரத்திலிருந்து மீட்டு வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்கிறேன். காட்டில் விடும் முன், சிறகு நறுக்கப்பட்ட கிளிக்கு இறகு முளைக்கும் வரை பாதுகாப்பும், பறந்து பழகப் பெரிய கூண்டும் வேண்டும். அயல்நாட்டுக் கிளி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒளிவுமறைவு தேவையே இல்லை. ஆப்பிரிக்கன் கிரே போன்ற, வன உயிரின வணிகம் குறித்த பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்களை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டால், தொலைந்த அன்றே தயங்காமல் ஊருக்குச் சொல்லலாம். கால் வளையத்தின் எண்ணைக் குறித்து வைத்திருந்தால், கிடைத்த கிளி யாருடையது என்ற சண்டையும் வராது.

"சிறகை நறுக்கிவிட்டால் இத்தனை பாடு எதற்கு?" என்பார்கள். நறுக்கிய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும். ஒவ்வொன்றாக முளைப்பதால் வீட்டாருக்குத் தெரிவதில்லை. ஒருநாள் வாசலில் பலத்த காற்று வீசும்போது, பாதிச் சிறகே கிளியை மதிலுக்கு அப்பால் தூக்கிவிடும். அப்போது அதற்குத் திரும்பிவரவும் வலுவிருக்காது, பூனையிடமிருந்து தப்பவும் வலுவிருக்காது. காலில் சங்கிலி கட்டுவது அதைவிடக் கொடுமை. மிரண்டு எழும்பும்போது மொத்த இழுப்பும் ஒரு மெல்லிய எலும்பில் விழுகிறது. வெளியே கொண்டுபோக வேண்டுமானால் கூண்டோடு நிழலில் வைக்கலாம், அல்லது உடம்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸைப் பல வாரம் வீட்டுக்குள்ளேயே பழக்கிய பிறகு மாட்டலாம். குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் கம்பிவலைக் கூண்டு கட்டுபவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் வைக்க வேண்டும். முதல் கதவைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அலமாரி உச்சியிலிருந்து தரையில் இருக்கும் கைக்கும், மாடிப்படியின் மேல்தட்டிலிருந்து கீழ்ப்படிக்கும், ஒரே அழைப்புச் சத்தத்துக்கு ஒரே தீனி என்று நாள்தோறும் கிளியை இறங்கப் பழக்குங்கள்.